ஃபவுண்டன்: தமிழில் முதல் திரைக்கதை எழுத இந்த இலவச முறை போதுமா?

தமிழில் முதல் திரைக்கதையை எழுத உட்காருபவர் மென்பொருளுக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. ஃபவுண்டன் போதும். ஆனால் ஆங்கிலத்தில் அது தானாகவே புரிந்துகொள்ளும் சில விஷயங்களைத் தமிழில் நாம்தான் குறியிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நான்கைந்து குறிகள் தெரியாமல் இறங்குபவர்கள், பக்கம் தாறுமாறாக வருவதைப் பார்த்து, இது தமிழுக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆகும். எப்படி ஆகும், எங்கே ஆகாது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஃபவுண்டன் என்பது மென்பொருள் அல்ல, ஓர் எழுதும் முறை. திரைக்கதையை நோட்பேடில் வெறும் எழுத்தாகத் தட்டிக்கொண்டு போகலாம். வரியின் தொடக்கத்தில் இடும் ஒரு புள்ளியோ குறியோ, அது காட்சித் தலைப்பா, பேசுபவரின் பெயரா, பாடல் வரியா என்று சொல்லிவிடும். அந்தக் கோப்பை ஃபவுண்டன் தெரிந்த ஒரு செயலியில் திறந்தால் தலைப்பு இடப்பக்கமும், பெயர் நடுவிலும், வசனம் அதற்குக் கீழே ஒடுங்கிய பத்தியிலும் வந்து அமரும். ஹாலிவுட் திரைக்கதையாசிரியர் ஜான் ஆகஸ்ட், நிமா யூசஃபி, ஸ்டூ மாஷ்விட்ஸ் ஆகியோர் 2012-ல் இதை வெளியிட்டார்கள். முறை எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் இதற்குச் செயலி எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். கோப்பு வெறும் எழுத்து என்பதால் செயலி வழக்கொழிந்து போனாலும் எழுதியது போகாது.

கற்றுக்கொள்பவருக்கு இது ஏன் நல்லது என்றால், விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் என்டரும் டாபும் தட்டத் தட்ட அடுத்த வரி என்னவென்று தாங்களே ஊகித்துவிடும். தொழிலில் இருப்பவருக்கு அது நேர மிச்சம். புதியவருக்கோ, எந்த வரி எதற்கு என்று தெரியாமலேயே நூறு பக்கம் எழுதிவிட முடியும். ஃபவுண்டனில் ஒவ்வொரு வரியையும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்: இது கண்ணால் பார்ப்பதா, காதால் கேட்பதா, யார் பேசுவது? திரைக்கதையின் அடிப்படைப் பாடம் அதுதான். காட்சித் தலைப்பு, செயல் விவரணை, பெயர், அடைப்புக்குறிப்பு, வசனம், காட்சி மாற்றம் என்று மொத்தம் ஆறு உறுப்புகள்தான் இருக்கின்றன. கீழே உள்ள சின்னக் காட்சியில் ஆறும் வந்துவிடுகின்றன.

.உள் - ரேஷன் கடை - பகல்

!வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கிறது.
செல்வி (35) ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கைரேகைக் கருவியில் விரலை வைக்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது.

@விற்பனையாளர்
(நிமிராமல்)
வேற விரல வைம்மா.

@செல்வி
பத்து விரலும் வச்சாச்சு சார். பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே இல்ல.

விற்பனையாளர் முதல்முறையாக அவள் கையைப் பார்க்கிறார்.

@பின்னால் நிற்பவர்
யம்மா, ஓரமா நில்லும்மா. மத்தவங்க வாங்கிட்டுப் போகட்டும்.

>கட் டு:

புள்ளி வைத்தால் காட்சித் தலைப்பு. @ போட்டால் பேசுபவர் பெயர். பெயருக்கு அடுத்த வரியில் அடைப்புக்குள் இருப்பது நடிப்புக் குறிப்பு. அதற்குக் கீழே வெற்று வரி வரும்வரை வசனம். ஆச்சரியக்குறியில் தொடங்குவது செயல் விவரணை. > குறி காட்சி மாற்றம். பாடல் வரிகளுக்கு ~ குறி. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டாமவர் பெயருக்குப் பின்னால் ^ போட்டால் இரு வசனங்களும் பக்கத்துப் பக்கத்தில் வரும். மொத்தத்தையும் அரை மணி நேரத்தில் பழகிவிடலாம்.

தமிழில் எங்கே இடறும்

ஆங்கிலத்தில் இந்த @ குறி பெரும்பாலும் தேவைப்படாது. முன்னால் ஒரு வெற்று வரி, முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு சொல், அடுத்த வரியில் உடனே எழுத்து என்று வந்தால் அது பெயர் என்பது ஃபவுண்டனின் விதி. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் செயலிக்குச் செயலி இரண்டு விதமாகக் கோளாறு வரும். ஆங்கிலப் பெரிய எழுத்து இருக்கிறதா என்று மட்டும் தேடும் செயலி, தமிழ்ப் பெயரைப் பெயராகவே எடுத்துக்கொள்ளாது. பெயரும் வசனமும் செயல் விவரணையோடு சேர்ந்து இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். வரியைப் பெரிய எழுத்தாக மாற்றிப் பார்த்து, மாற்றம் இல்லையென்றால் அது பெயர் என்று கொள்ளும் செயலியில் நேர் எதிர்: தமிழ் வரி எப்போதும் மாறாது என்பதால், இரண்டு வரியாக எழுதிய செயல் விவரணையின் முதல் வரி பெயராகி நடுவில் போய் நிற்கும், இரண்டாம் வரி வசனமாகிவிடும்.

மேலே உள்ள காட்சியில் 'வரிசை வாசலைத் தாண்டி' என்ற பத்தியின் முன் ! இருப்பது இதனால்தான். அடுத்த செயல் விவரணை ஒரே வரி, அதற்குப் பின் வெற்று வரி; அங்கே குறி இல்லாமலும் சரியாக வரும். எந்தச் செயலி எப்படி நடந்துகொள்ளும் என்று ஆராய்வதைவிட, தமிழில் எழுதும்போது பெயருக்கு எப்போதும் @, நடுவில் என்டர் தட்டிய செயல் பத்திக்கு எப்போதும் ! என்று வழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. அப்படி எழுதிய கோப்பு எந்தச் செயலிக்குப் போனாலும் குலையாது.

காட்சித் தலைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது. ஆங்கிலத்தில் உள், வெளி என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கங்களை (INT., EXT.) இட்டுவிட்டு மீதியைத் தமிழில் எழுதினால் புள்ளி இல்லாமலேயே செயலி தலைப்பைக் கண்டுகொள்ளும். 'உள்', 'வெளி' என்று தமிழில் எழுதினால் முன்னால் புள்ளி கட்டாயம். குறும்படத்துக்கும் பயிற்சிக்கும் தமிழ்தான் படிக்க இதமாக இருக்கிறது. பின்னால் படப்பிடிப்பு அட்டவணை போடும் மென்பொருளுக்கு அனுப்பப்போகிற திரைக்கதை என்றால் ஆங்கிலச் சுருக்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள். உள்காட்சி எத்தனை, வெளிக்காட்சி எத்தனை என்று அந்த மென்பொருள்கள் பிரிப்பது அதை வைத்துத்தான்.

முகப்புப் பக்கம் எழுதும்போதும் கவனம் வேண்டும். தலைப்பு, எழுதியவர், தேதி போன்ற முகப்பு விவரங்களுக்கான சொற்களை ஆங்கிலத்திலும், அவற்றுக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு விவரத்தைத் தமிழிலும் எழுத வேண்டும். முகப்பு முடிந்ததும் ஒரு வெற்று வரி. முகப்பே இல்லாமல் நேரே கதையைத் தொடங்கி, முதல் வரியில் 'குறிப்பு:' என்றோ 'காலம்:' என்றோ எழுதினால், முக்காற்புள்ளியைப் பார்த்துச் சில செயலிகள் அதையும் முகப்பு என்று எடுத்துக்கொள்ளும். முதல் பத்தி காட்சியிலிருந்து காணாமல் போகும். முதல் வரியைக் காட்சித் தலைப்பாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வசனத்துக்கு நடுவே ஒரு வெற்று வரி விட்டால் வசனம் அங்கே முடிந்துவிடும்; மீதி செயல் விவரணையாகிவிடும். நீண்ட வசனத்தில் இடைவெளி வேண்டுமென்றால் அந்த வெற்று வரியில் இரண்டு இடைவெளி தட்டி வையுங்கள். வாட்ஸப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி சேர்ந்துவிடுவதும், வசனம் எல்லாம் இடப்பக்கம் சரிந்து கிடப்பதும் இதே காரணத்தால்தான்.

தட்டச்சில் கவனிக்க வேண்டியவை

யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது, உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவம் போர்த்தியது. ஃபவுண்டன் வெறும் எழுத்தை மட்டுமே சேமிக்கும், எழுத்துருவைச் சேமிக்காது. அதனால் கோப்பைத் திறந்ததும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பழைய கையெழுத்துப்படி அந்த எழுத்துருவில் இருந்தால் முதலில் மாற்றிக்கொண்டு வர வேண்டும். சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்ற குறிமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாகவே இதைத்தான் செய்கிறது. அதற்கு முந்தைய கணினிகளில் 'இப்படிச் சேமி' பெட்டியில் நாமே தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அப்படிப் போனால் போனதுதான், மீட்க முடியாது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத சிக்கல். 'கொ' என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே இருக்கும் குறியெண்கள் வேறு. 'கோபால்' என்ற பெயரை ஓரிடத்தில் கைப்பேசியிலும் இன்னோரிடத்தில் கணினியிலும் தட்டினால், செயலி இரண்டு கோபால்களாகக் கணக்கெடுக்க வாய்ப்பிருக்கிறது. 'கௌரி'யில் இது இன்னும் அதிகம்; ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரம் போலவே இருப்பதால் பலர் ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள். கதாபாத்திரப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், பெயரை ஓரிடத்தில் சரியாகத் தட்டி, மற்ற இடங்களிலெல்லாம் அதையே பிரதி எடுத்து ஒட்டுங்கள்.

இடப்பெயர்களுக்கும் இதுதான். 'டீக்கடை', 'டீ கடை', 'முருகன் டீக்கடை' என்று மூன்று விதமாக எழுதினால் மூன்று லொக்கேஷன். பிரேக்டவுன், அதாவது காட்சிவாரியாகத் தேவைகளின் பட்டியல், போடும் உதவி இயக்குநர் மூன்றையும் தனித்தனியாகத்தான் எழுதுவார். காட்சித் தலைப்பில் வரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது பெரிய வேலையை மிச்சமாக்கும்.

அழுத்தம் தர ஒற்றை நட்சத்திரக் குறிக்குள் சொல்லை வைத்தால் சாய்வெழுத்து வரும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தனியாகச் சாய்வெழுத்து வரையப்படவில்லை. நேர் எழுத்தையே சாய்த்துக் காட்டும், பார்க்க நன்றாயிராது. இரட்டை நட்சத்திரத்தில் தடித்த எழுத்தோ, அடிக்கோட்டுக் குறியோ போதும். அதையும் அரிதாகப் பயன்படுத்துங்கள்.

வடிவம் எதைக் காட்டிக்கொடுக்கிறது

ஃபவுண்டன் நல்ல கதையைத் தந்துவிடாது. ஆனால் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இந்த வடிவத்தில் பளிச்சென்று தெரிந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் இதன் பெரிய பயனே இதுதான்.

முதல் தவறு, படம் பிடிக்க முடியாததைச் செயல் விவரணையில் எழுதுவது. 'செல்விக்குத் தன் அம்மா பட்ட கஷ்டம் நினைவுக்கு வந்தது' என்பதை எந்தக் கேமராவும் எடுக்காது. அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்க்கிறாள் என்றால் எடுக்கும். எழுதி முடித்ததும் குறியற்ற வரிகளையும் ! வரிகளையும் மட்டும் படித்துக்கொண்டே வாருங்கள். நினைத்தாள், உணர்ந்தான், புரிந்தது, ஞாபகம் வந்தது போன்ற சொற்கள் கண்ணில் படும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். காலமும் நிகழ்காலமாகவே இருக்கட்டும்: 'வந்தாள்' அல்ல, 'வருகிறாள்'. சிறுகதைப் பழக்கம் உள்ளவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே இறந்தகாலத்துக்கு நழுவிவிடுகிறார்கள்.

இரண்டாவது, பத்தியின் நீளம். செயல் விவரணை ஒரு பத்திக்கு மூன்று நான்கு வரிக்கு மேல் போகக்கூடாது. பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும்போது புதிய பத்தி. வரிசை ஒரு பத்தி, செல்வியின் கை ஒரு பத்தி என்று பிரித்தாலே படிப்பவர் மனத்தில் ஷாட் பிரிந்துவிடும். 'குளோசப்', 'டாலி' என்று எழுதவே வேண்டாம். கேமரா கோணத்தை எழுதிக் குவிப்பது திரைக்கதை தெரிந்தவர் என்று காட்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இயக்குநரே எழுதினாலும் முதல் வரைவில் அது கதையை மறைக்கத்தான் செய்யும்.

மூன்றாவது, அடைப்புக்குறிப்பு. '(கோபமாக)', '(சோகமாக)', '(சிரித்தபடி)' என்று ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே வந்தால் பக்கம் முழுக்க அடைப்புக்குறியாகத் தெரியும். வசனத்திலேயே கோபம் இருந்தால் குறிப்பு எதற்கு? வசனம் ஒன்று சொல்ல, ஆள் வேறொன்று செய்யும் இடத்தில் மட்டும் வையுங்கள். மேலே விற்பனையாளர் நிமிராமல் பேசுவது அப்படிப்பட்டது. பிற்பாடு அவர் கையைப் பார்ப்பதற்கு அதுதான் எடை கொடுக்கிறது. பக்கத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

நான்காவது, காட்சியில் தெரியாத குரல். தொலைபேசியின் மறுமுனை, மனக்குரல், கதைசொல்லி எல்லாம் வாய்ஸ் ஓவர். அதே இடத்தில் கதவுக்குப் பின்னாலோ சமையலறையிலோ இருந்து பேசுபவர் ஆஃப் ஸ்கிரீன். இரண்டையும் 'குரல்' என்று ஒரே சொல்லால் எழுதிவிட்டால் படப்பிடிப்பில் அந்த நடிகர் அன்று வர வேண்டுமா, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாமா என்று யாருக்கும் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எழுதுங்கள்: @செல்வி (வாய்ஸ் ஓவர்).

ஒன்லைன் போடும் வசதி

பலரும் கவனிக்காமல் விடும் பகுதி இது. # போட்டு எழுதும் வரி பிரிவுத் தலைப்பு; = போட்டு எழுதும் வரி காட்சிச் சுருக்கம். இரண்டும் எழுதும்போது தெரியும், வழக்கமாக அச்சில் வராது. நம் ஊர் டிஸ்கஷனில் போடும் ஒன்லைன் ஆர்டருக்கு, அதாவது காட்சிக்கு ஒரு வரியாக எழுதும் வரிசைப் பட்டியலுக்கு, இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை. முழுப்படம் என்றால் '# இடைவேளை வரை', '# இடைவேளைக்குப் பின்' என்று இரண்டு பெரிய பிரிவு, அவற்றுக்குள் ## போட்டு உட்பிரிவுகள். காட்சிக்கு ஒரு = வரி. வசனம் ஒன்றுகூட எழுதாமல் இந்த வரிகளை மட்டும் முதலில் முடியுங்கள்.

ஒரு சுருக்க வரி எப்படி இருக்க வேண்டும்? '= செல்வி ரேஷன் கடைக்குப் போகிறாள்' என்பது இடத்தைச் சொல்கிறது, கதையைச் சொல்லவில்லை. '= ரேகை பதியாததால் செல்விக்கு அரிசி மறுக்கப்படுகிறது; விற்பனையாளர் அவள் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்கிறார்' என்றால் காட்சிக்கு முன் இருந்த நிலையும் பின் வந்த நிலையும் வேறு என்று தெரிகிறது. எதுவும் மாறாத காட்சியை இந்த இடத்திலேயே தூக்கிவிடலாம். எழுதி முடித்த பிறகு தூக்க மனம் வராது.

பழகுபவர்கள் இரண்டரை மணி நேரப் படத்தில் தொடங்க வேண்டாம். ஐந்து நிமிடக் குறும்படம், இரண்டு அல்லது மூன்று இடம், நான்கு பேருக்கு மிகாமல் கதாபாத்திரங்கள், ஆறு முதல் எட்டு = வரிகள். அந்த வரிகளை ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே காட்சித் தலைப்பு இட்டு எழுதுங்கள். எழுதும்போது தோன்றும் சந்தேகங்களை [[ ]] என்ற இரட்டைச் சதுர அடைப்புக்குள் வைத்துவிட்டு மேலே போங்கள். அதுவும் அச்சில் வராது. வெட்டிய காட்சியை அழிக்காமல் /* */ குறிகளுக்குள் போட்டு வைக்கலாம். முடிவுக்குறி போட மறந்தால் அதற்குப் பின் உள்ளதெல்லாம் மறைந்துவிடக்கூடும்; திடீரென்று பக்கங்கள் குறைந்தால் முதலில் இதைத் தேடிப் பாருங்கள். சுருக்க வரியில் ஒரே ஒரு = தான்; மூன்று சேர்ந்து வந்தால் அது புதுப்பக்கக் குறி.

பக்கம் ஒன்றுக்கு நிமிடம் ஒன்று? தமிழில் இல்லை

திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு, கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில், அமெரிக்க லெட்டர் தாளில், ஆங்கிலத்தில் எழுதும்போது ஏறத்தாழப் பொருந்தும் கணக்கு. கூரியரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அங்குலத்துக்கு 10 எழுத்து, பக்கத்துக்குச் சுமார் 55 வரி. இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வசனப் பத்தியின் அகலம் சுமார் மூன்றரை அங்குலம். தமிழுக்கு இதில் எதுவும் பொருந்தாது. கூரியரில் தமிழ் எழுத்தே கிடையாது. கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை அந்த இடத்தில் போடுகிறது. 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் அடங்காது, மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரி உயரமும் கூடும். 'தெரிஞ்சுக்கிட்டிருக்கேன்' என்று 12 எழுத்தில் ஒரே சொல் வந்தால் மூன்றரை அங்குல வசனப் பத்தியில் வரிக்கு ஓரிரு சொல்தான் நிற்கும். அதனால் தமிழ்த் திரைக்கதை ஆங்கிலத்தைவிடப் பக்கம் கூடும். நூற்றைம்பது பக்கம் வந்துவிட்டது என்று பயந்து காட்சிகளை வெட்டுவது வீண்.

உங்கள் அளவை நீங்களே எடுக்க வேண்டும். வசனம் மிகுந்த காட்சி ஒன்று, செயல் மிகுந்த காட்சி ஒன்று, இரண்டும் கலந்தது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வசனத்தைப் பேசும் வேகத்தில் வாய்விட்டுப் படித்து, செயலை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் நேரம் குறியுங்கள். மூன்று காட்சியும் சேர்ந்து ஏழரைப் பக்கம், நேரம் ஐந்து நிமிடம் என்றால் உங்களுக்குப் பக்கம் ஒன்றரைக்கு நிமிடம் ஒன்று. எழுத்துருவோ தாளோ மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். ஏ4 தாளில், ஒரே தமிழ் எழுத்துருவில் கடைசிவரை எழுதுங்கள். நோட்டோ வரிசையின் தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிலும் தெளிவாக இருக்கும்.

எந்தச் செயலி?

மேக் கணினி இருந்தால் பீட். இலவசம், திறமூலம், எழுத எழுத வடிவம் மாறுகிறது, பக்கவாட்டில் காட்சி வரிசை தெரிகிறது, விலை கொடுத்து வாங்கும் திரைக்கதை மென்பொருளான ஃபைனல் டிராஃப்ட்டின் எஃப்.டி.எக்ஸ். கோப்பாகவும் மாற்றித் தருகிறது. விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற இலவசத் தொகுப்பானை நிறுவி, அதில் பெட்டர் ஃபவுண்டன் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். நிரலாளர்களுக்கான மென்பொருள் என்பதால் முதல் பார்வையில் மிரட்டும். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் முன்னோட்டம் என்று வைத்துவிட்டு மற்ற பொத்தான்களைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஜாட்டர்பேட் ஃபவுண்டனைப் புரிந்துகொள்ளும். கைப்பேசியில் வசனம் மட்டும் தட்டுவது வசதி. திருத்தத்தைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும், எழுதத் தொடங்கும் முன் மேலே உள்ள ரேஷன் கடைக் காட்சி அளவுக்கு ஒரு பக்கம் தட்டி பி.டி.எஃப். எடுத்துப் பாருங்கள். திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தும் பி.டி.எஃப்-பில் கட்டம் கட்டமாகவோ வெற்றிடமாகவோ வந்தால், செயலி கூரியர் எழுத்துருவை மட்டும் கோப்புக்குள் வைக்கிறது என்று பொருள். எழுத்துருவை மாற்றும் அமைப்பு இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் எச்.டி.எம்.எல். ஆக வெளியேற்றி, அதை உலாவியில் திறந்து, அச்சிடும் கட்டளையில் 'பி.டி.எஃப். ஆகச் சேமி' கொடுங்கள்; உலாவி கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவைத் தானே எடுத்துக்கொள்ளும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா, புள்ளி தனியாக விலகி நிற்கிறதா என்று 'கொ', 'கை', 'க்ஷ', 'ஸ்ரீ' ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இதனால் முடியாதவை

இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று தாளை இரண்டாகப் பிரித்து எழுதும் வழக்கம் நம் திரையுலகில் நெடுநாளாக உண்டு. சீன் பேப்பரை அப்படிக் கேட்கும் இயக்குநர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஃபவுண்டனில் அந்த வடிவம் இல்லை. முழுத் திரைக்கதையையும் இதில் எழுதிவிட்டு, படப்பிடிப்புக்குத் தேவையான காட்சியை மட்டும் வேர்டில் இரண்டு பத்தி அட்டவணை போட்டுக் கையால் மாற்ற வேண்டியதுதான். காட்சிக்குப் பத்து நிமிட வேலை.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதுவதும் சிரமம். கோப்பை மாறி மாறி அனுப்பிக்கொண்டால் எது கடைசி வரைவு என்ற குழப்பம் நிச்சயம் வரும். கோப்பின் பெயரிலேயே தேதியையும் எழுதியவர் முதலெழுத்தையும் சேர்ப்பது ஓரளவுக்கு உதவும். தினமும் சேர்ந்து எழுதும் குழு என்றால் இணையத்தில் இயங்கும் ரைட்டர்டூயட் போன்ற ஒன்றைப் பார்ப்பது மேல்.

காட்சி எண்களை #12# என்று தலைப்பின் முடிவில் நாமே இடலாம்; 12-க்கும் 13-க்கும் நடுவே புதுக் காட்சி வந்தால் #12A# என்று சேர்க்கலாம். ஆனால் படப்பிடிப்பு தொடங்கிய பின் பக்க எண்களைப் பூட்டி வைத்து, மாறிய பக்கங்களை மட்டும் வண்ணத் தாளில் வெளியிடும் வேலை வெறும் எழுத்துக் கோப்பின் சக்திக்கு அப்பாற்பட்டது. அதற்கு ஃபைனல் டிராஃப்ட்டோ ஃபேட் இன்னோ வாங்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம் அந்த வடிவத்தில் கேட்கும் வரை வாங்க வேண்டாம்; கேட்கும் நாளில் ஃபவுண்டன் கோப்பை எஃப்.டி.எக்ஸ். ஆக மாற்றிக் கொடுத்துவிடலாம். மாற்றிய பிறகு, @ இட்ட பெயர்கள் பெயர்களாகவே போய்ச் சேர்ந்திருக்கின்றனவா என்று முதல் பத்துப் பக்கத்தையாவது பார்த்துவிட்டு அனுப்புங்கள்.